இஸ்திரி போடாத கோட்டு

தென்காசி முன்சீப் கோர்ட்டில் குமாஸ்தாவாக இருந்த நாளில் நான் எத்தனையோ சாட்சிகளைப் பார்த்தாயிற்று. காதில் விழுந்ததைக் கண்ணால் கண்டதாகச் சொன்னவர்கள் உண்டு. சம்பவம் நடந்த தெரு எந்தப் பக்கம் என்றே தெரியாமல் சத்தியம் செய்தவர்களும் உண்டு. ஆனால் இரண்டு கட்சி வக்கீல்களையும் ஒரே நாளில் தலையில் கைவைத்து உட்கார வைத்த சாட்சி ஒருவர்தான்.

அது ஒரு சுவர்த் தகராறு. பிரதிவாதி பக்கத்து வீட்டுச் சுவரை இடித்துவிட்டான் என்று வழக்கு. எதிர்வீட்டில் இஸ்திரி போட்டுப் பிழைக்கும் அந்த அம்மாளைச் சாட்சிக்குக் கூப்பிட்டிருந்தார்கள்.

"இவர் சுவரை இடிச்சதப் பாத்தீங்களா?" என்று வாதியின் வக்கீல் கேட்டார்.

"கடப்பாரையத் தூக்கிட்டுப் போனதப் பாத்தேன்."

"அப்புறம்?"

"சுவரு விழுந்து கெடந்ததப் பாத்தேன்."

"நடுவுல?"

"நடுவுல நான் பாக்கல. பெட்டிக்குக் கரி போட்டுக்கிட்டு இருந்தேன்."

"கடப்பாரையோட போனவர்தான இடிச்சிருக்கணும்?"

"இருக்கணும்னா இருந்துட்டுப் போட்டும். நான் பாக்கல."

எதிர்க்கட்சி வக்கீல் உற்சாகமாக எழுந்தார். "அப்ப சுவர் தானாவே விழுந்திருக்கலாம், இல்லையாம்மா?"

"அதயும் நான் பாக்கலய்யா."

முன்சீப் வழக்குக் கட்டுக்குள் முகத்தைக் கவிழ்த்துக்கொண்டு சிரித்தார். அந்த அம்மாளை நான் நன்றாகப் பார்த்தது அன்றைக்குத்தான்.

ஊரில் அவருக்கு ஆப்பிரிக்காக்காரி என்று பெயர். நாங்கள் சிலர் ஆப்பிரிக்காக்கா என்போம். சொந்தப் பெயர் எனக்குத் தெரியும், எழுதப்போவதில்லை. அப்போது அவருக்கு நாற்பது வயதிருக்கும். மெலிந்த உடம்பு, இஸ்திரிப் பெட்டி தூக்கித் தூக்கி வலது தோள் மட்டும் சற்று இறங்கியிருக்கும். கழுத்தில் மஞ்சள் கயிறு. அந்தக் கயிறுதான் ஊருக்குப் பெரிய பிரச்சினை.

அவருடைய புருஷன் வீரகேரளம்புதூரில் நல்ல வெள்ளாமைக் குடும்பத்தில் பிறந்தவர். கலியாணமான புதிதில் மனைவியோடு தென்னாப்பிரிக்காவுக்குக் கப்பலேறி, ஜோகன்ஸ்பர்க்கில் காய்கறிக்கடை போட்டார். பல வருஷம் கழித்து அந்த ஊர்ச் சர்க்கார், நம்மவர்கள் திரும்பிப் போவதாக இருந்தால் கப்பல் செலவைத் தானே ஏற்பதாகச் சொல்ல, "நீ முன்னால போ, நான் கடையை ஒழிச்சிட்டு அடுத்த கப்பல்ல வாரேன்" என்று மனைவியை மட்டும் அனுப்பிவைத்தார். அடுத்த கப்பல் வந்தது. அதற்கடுத்ததும் வந்தது. அவர் வரவில்லை. பிறகு ஆப்பிரிக்காவிலிருந்து திரும்பிய ஒருவர், அவர் அங்கே காய்ச்சலில் போய்விட்டார் என்று கொழுந்தன் வீட்டில் வந்து சொன்னார். வீட்டில் ஒப்பாரி தொடங்கிவிட்டது. அக்கா மட்டும் அந்த மனிதர் எதிரே போய் நின்றார்.

"நீரு பாத்தீரா?"

"கப்பல்ல சொன்னாவம்மா."

"அப்ப கப்பல்கிட்டதான் கேக்கணும். நீரு காப்பியக் குடிச்சிட்டுக் கெளம்பும்."

அதோடு சரி. தாலியைக் கழற்றமாட்டேன் என்று அங்கிருந்து கிளம்பித் தென்காசிக்கு வந்து, யார் சொல்லியும் கேளாமல் இஸ்திரிக் கடை வைத்துவிட்டார். வெள்ளாமை வீட்டு மருமகள் பிறத்தியார் துணியைத் தேய்ப்பதா என்று கொழுந்தன் கொதித்தார். "தேய்க்காட்டி சுருக்கம் போவாதுல்லா" என்றாராம் இவர்.

பெண்கள் பாடுதான் திண்டாட்டம். ஒரு வீட்டில் விசேஷம் என்றால் அக்காவுக்கு மஞ்சள் குங்குமம் கொடுப்பதா வேண்டாமா என்று தெரியாது. கொடுத்தால் அபசகுனமோ என்று பயம். கொடுக்காவிட்டால் பாவமோ என்று அதற்கும் பயம். கடைசியில் கூப்பிடாமலே விடுவது என்று ஆளாளுக்குத் தீர்மானித்துக்கொண்டார்கள். கலியாணத்துக்கு உடுத்திப்போகும் பட்டுச் சேலைகள் எல்லாம் இவர் கையால் தேய்த்துத்தான் போகும். சேலை போகும், இவர் போகமாட்டார். அதைப் பற்றி ஒரு வார்த்தை குறைப்பட்டு நான் கேட்டதில்லை. வெள்ளிக்கிழமை தோறும் மட்டும் ஒரு காரியம் செய்வார். டிரங்குப் பெட்டியைத் திறந்து புருஷனுடைய கருநீலக் கம்பளிக் கோட்டு ஒன்றை எடுத்து, ஈரத்துணி மேலே விரித்து, மடிப்புக் கலையாமல் தேய்த்து, மறுபடி பெட்டியில் வைப்பார். வந்தால் போட்டுக்கொள்ளத் தயாராக இருக்க வேண்டுமே.

இனி நாடகத்துக்கு வருகிறேன். கோர்ட்டு வேலை போக நான் ஊர் நாடக சபையில் ஸ்திரீபார்ட் போடுகிறவன். சுமாராகப் போடுகிறவன் என்று அடக்கமாகச் சொல்லலாம்; ஆனால் நன்றாகவே போட்டேன். சபைக்குக் காரியதரிசி அரிசி மில் அண்ணாச்சி. அந்த வருஷம் செங்கோட்டைக்காரர்கள் புராணத்தை விட்டுவிட்டு, நிஜ மேசை நாற்காலியெல்லாம் போட்டு ஒரு சமூக நாடகம் நடத்தி நல்ல பெயர் வாங்கிவிட்டார்கள். அண்ணாச்சிக்குத் தூக்கம் போயிற்று. "நாம ஐரோப்பா நாடகமே போடுதோம்வே" என்றார். ஐரோப்பா நாடகத்துக்கு எங்கே போவது என்றுதான் தெரியவில்லை.

சபை உடுப்புகளைத் தேய்த்துக் கொண்டுவந்திருந்த அக்கா, அட்டைக் கிரீடங்களுக்கு நடுவே அவற்றை அடுக்கிக்கொண்டே, "அங்கன ஒண்ணு பாத்திருக்கேன். வேணும்னா சொல்லுதேன்" என்றார்.

ஜோகன்ஸ்பர்க்கில் அவர் ஒரு நாடகக் கொட்டகையில் உடுப்புத் தேய்க்கும் வேலை பார்த்திருக்கிறார். அங்கே ஊர் ஊராகப் போய் நாடகம் போடும் வெள்ளைக்காரக் கம்பெனி ஒன்று வந்து தங்கியதாம். எவனோ ஒரு ஜெர்மன்காரன் புதிதாக எழுதிய நாடகத்தைத் தங்கள் பாஷையில் மாற்றி நடித்தார்களாம். அவர்கள் பாஷையை இப்போது ஆப்பிரிக்கான்ஸ் என்கிறார்கள். அக்காவுக்கு அது போயர் பாஷை, அங்கே குடியேறிய டச்சுக்காரர்கள் பேசுவது. காய்கறி விற்றே கற்றுக்கொண்டது. ஆக ஜெர்மன்காரன் எழுதியதைப் போயர் மாற்றி, போயர் பேசியதை அக்கா திருநெல்வேலித் தமிழில் சொல்ல, அதை நான் மேடைத் தமிழாக்கி எழுதுவது என்று ஏற்பாடாயிற்று.

கதை சின்னது. மலைப்பாதை ஓரம் ஒரு வீடு. சண்டைக்குப் போன புருஷன் திரும்பவில்லை. சண்டை முடிந்துவிட்டது. செத்துப்போனான் என்று எல்லோரும் சொல்கிறார்கள். அவள் ராத்திரி தோறும் அவனுக்கு ஒரு தட்டு வைக்கிறாள். பாதிரியார் வந்து புத்தி சொல்கிறார். பணக்காரன் ஒருவன் வந்து கட்டிக்கொள்கிறேன் என்கிறான். கடைசிக் காட்சியில் அவள் மறுபடி தட்டை வைத்து, விளக்கைத் தூண்டிவிட்டு, எழுந்து வாசலைப் பார்த்து, "வா" என்கிறாள். படுதா.

அந்த "வா"வை அக்கா முதலில் போயர் பாஷையிலேயே சொல்லிக் காட்டினார். "கோம்" என்றார். கையிலிருந்த பெட்டியைத் தாழ வைத்துவிட்டு, எங்கோ பார்த்துக்கொண்டு, அடுப்படியிலிருந்து வீட்டு ஆளைக் கூப்பிடுகிற மாதிரி சொன்னார். நான் அந்த இடத்துக்கு, "பிராணநாதா! பாவி என்னைப் பரிதவிக்க விட்டுப் பாராமுகமாய் இருப்பது தகுமோ!" என்று தொடங்கி ஒரு பக்கம் எழுதிக்கொண்டு போனேன். படிக்கக் கேட்டார்.

"தம்பி, இவ்வளவும் அவ பேசல."

"உணர்ச்சி வேணும்லாக்கா."

"தட்ட வச்சா. கோம்னா. நான் பாத்தது அதான்."

ஒரு பக்கத்தையும் அடித்துவிட்டு "வா" என்று எழுதினேன். மனசு கேட்கவில்லைதான்.

தட்டு விஷயத்திலும் தகராறு வந்தது. நம்மூர்க் கதையாக்க இலை போடலாமே என்றார் அண்ணாச்சி. அக்கா ஒத்துக்கொள்ளவில்லை. "எலையின்னா திங்கலன்னாலும் காலையில தூக்கிப் போட்டுரணும். தட்டுன்னா கழுவி வச்சிக்கிட்டு நாளைக்கும் எடுக்கலாம்" என்றார். தட்டே நின்றது.

பெரிய சண்டை முடிவில்தான். புருஷன் வரவேண்டும் என்றார் அண்ணாச்சி. வந்து, இருவரும் சேர்ந்து நின்று, மங்களம் பாடி முடிக்க வேண்டும்.

"வரல அண்ணாச்சி."

"வந்தா என்ன குடியா முழுகிரும்?"

"நான் அங்கனதான் நின்னேன். அவுக அந்த ஊருல இருந்த வரைக்கும் தெனமும் பாத்தேன். ஒருத்தரும் வரல. அவ ஒண்ணுமில்லாத எடத்தப் பாத்துதான் 'வா'ங்கா. வந்தாருன்னு போட்டா அது வேற நாடகம். அதுக்கு நான் துணி தேய்க்கமாட்டேன்."

மற்றதை விட அந்தக் கடைசி வார்த்தைக்குத்தான் அண்ணாச்சி பயந்தார் என்று நினைக்கிறேன். இஸ்திரி இல்லாத ஐரோப்பா நாடகத்தை அவரால் கற்பனை செய்ய முடியவில்லை.

எங்கே நின்று பார்த்தீர்கள் என்று ஒருநாள் நான் கேட்டேன். கோர்ட்டுப் பழக்கம். மேடையின் இடப்பக்கம், தட்டிக்குப் பின்னால் இஸ்திரி மேசை. தட்டிக்கும் திரைக்கும் நடுவே ஒரு கை அகல இடுக்கு. அதன் வழியாகப் பார்த்தால் மேசையும் விளக்கும் தட்டும் அவள் முகமும் தெரியும். "எங்க ஆளுகளுக்கு முன்பக்கம் உக்கார எடம் கெடையாதுல்லா. அவ வாய மூடுன ஒடனே பின்வாசல் வழியாப் போயிரணும். வெள்ளக்காரன் கலைஞ்சு வாரப்ப நாங்க கண்ணுல படக்கூடாது." இதைச் சொல்லும்போது அவர் குரலில் எந்த மாற்றமும் இல்லை. எனக்குத்தான் கோபம் வந்தது.

இன்னொன்றும் அன்றைக்குச் சொன்னார். அந்தக் கம்பெனி உடுப்புகளில் பட்டாளத்துக் கோட்டு ஒன்று இருந்ததாம். கந்தல் மாதிரிக் கசங்கி, சேறு அப்பி இருக்குமாம். அதைத் தேய்க்க எடுத்தபோது உடுப்புக்காரப் பெண்பிள்ளை பதறிப்போய்ப் பிடுங்கிக்கொண்டாளாம். அதை மட்டும் தொடக்கூடாது என்று கட்டளை. "மேடையில ஒருத்தரும் அதப் போட்டு நான் பாக்கல. அம்புட்டுத் துணியிலயும் அந்த ஒண்ணு மட்டும் சுருக்கமாத் தொங்குச்சு. எனக்குக் கையி பறக்கும்" என்றார்.

தென்காசியில் நாடகம் அரங்கேறியது. நான் தட்டை வைத்தேன், விளக்கைத் தூண்டினேன், வெறும் வாசலைப் பார்த்து "வா" என்றேன். படுதா விழுந்தது. ஜனம் எழுந்திருக்கவில்லை. புருஷன் வரவேண்டியது பாக்கி இருக்கிறது என்று எல்லோரும் உட்கார்ந்தே இருந்தார்கள். "ஏலே, அவன் எப்பலே வருவான்?" என்று பின்னாலிருந்து ஒருவன் கத்தினான். அண்ணாச்சி மேடைக்கு வந்து நாடகம் முடிந்துவிட்டது என்று கைகூப்பிச் சொல்ல வேண்டியதாயிற்று. ஆனால் பெண்கள் பக்கம் மூக்குச் சிந்தும் சத்தம் கொஞ்ச நேரம் ஓயவில்லை. விசேஷத்துக்கு அக்காவைக் கூப்பிடாத வீட்டுப் பெண்கள்தான் அவர்கள் எல்லோரும்.

மறுபடியும் போடச் சொல்லிக் கேட்டார்கள். சீசன் வந்தது. குற்றாலத்தில் சாரல் பிடித்துக்கொண்டது, பங்களாக்கள் நிரம்பின. பெரிய மனிதர்கள் குளிக்க வந்த இடத்தில் நாடகம் போட்டால் சபைக்குக் கௌரவம் என்று, ஒரு சாயங்காலம் அங்கே கொட்டகை கட்டினோம். மேளச் சத்தத்துக்குப் பதில் அருவிச் சத்தம். பெட்ரோமாக்ஸ் விளக்கைச் சுற்றி ஈசல். அக்கா வழக்கம்போல இடப்பக்கத் தட்டிக்குப் பின்னால் பெட்டியோடு நின்றார். முன்வரிசையில் ஒரு ஜெர்மன் டாக்டரும் அவர் மனைவியும் உட்கார்ந்திருந்தார்கள். எங்கோ கிறிஸ்தவ ஆஸ்பத்திரியில் வேலை, சீசனுக்கு வந்தவர்கள். இரண்டாம் உலகச் சண்டை இன்னும் தொடங்கவில்லை.

நாடகம் முடிந்ததும் அந்த ஜெர்மன் அம்மாள் உள்ளே வந்தார். அவர் பேசிய தமிழ் பைபிள் தமிழ். எங்கள் எல்லோருடைய தமிழையும் விடச் சுத்தம்.

"இந்த நாடகத்தை நான் என் தேசத்தில் கண்டிருக்கிறேன். மிகவும் ஆச்சரியமாயிருக்கிறது" என்றார். அண்ணாச்சி பூரித்துப்போனார். "ஆனால் கடைசியில் அந்தப் புருஷன் வந்து நிற்பானே, அவனை ஏன் விட்டுவிட்டீர்கள்?"

அக்கா கையிலிருந்த துணியைக் கீழே வைத்துவிட்டு முன்னால் வந்தார்.

"அவ கோம்னுதான சொல்லுவா?"

"கோம்! எங்கள் பாஷையிலும் அதுவே. ஆம், ஆம்" என்று அந்த அம்மாள் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டார். "கோம் என்கிறாள். அவன் பின்சுவர் வாசற்படியில் வந்து நிற்கிறான். ஒரு வார்த்தையும் பேசமாட்டான். உடனே திரை விழும்."

"என்ன போட்டிருப்பாரு?"

"பட்டாளத்துக் கோட்டு."

"கசங்கியிருக்குமா?"

"மிகவும் கசங்கி, சேறுபட்டு இருக்கும். வெகுதூரம் நடந்து வந்தவன் அல்லவா?"

அக்கா உடுப்புப் பெட்டியின் மேல் உட்கார்ந்துவிட்டார். டாக்டர் வெளியே காத்துக்கொண்டிருந்ததால் அந்த அம்மாள் விடைபெற்றுக்கொண்டு போனார். அண்ணாச்சி மெல்ல வெற்றிப் புன்னகை ஒன்றை ஆரம்பித்து, அக்கா முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

"அதான் இஸ்திரி போடக்கூடாதுன்னாளா" என்றார் அக்கா. "அவ கோம்னதும் முன்னால சனம் பூரா ஒரு மூச்சு விடும் தம்பி. தெனமும் விடும். அவளுக்காவத்தான் விடுதாவன்னு நெனச்சேன். அவரப் பாத்து விட்டுருக்காவ. ஊரே பாத்திருக்கு. நின்ன எடம் அப்படி, இடுக்கு வழியா அந்த வாசல் தெரியாது. நான்தான் பாக்கல."

எனக்குத் திடீரென்று ஒரு சந்தோஷம் வந்தது. அது அவருக்கு ஆறுதலாக இருக்கும் என்று நினைத்து, ஸ்திரீபார்ட் சேலையோடே அவர் பக்கத்தில் குனிந்து சொன்னேன்: "பாத்தீங்களாக்கா? நாம பாக்கலன்னா வரலன்னு அர்த்தமில்ல. உங்க வீட்டுக்காரரும் ஒருநாள் இப்படித்தான் வந்து நிப்பாரு."

அக்கா என்னை நிமிர்ந்து பார்த்தார். கோபமில்லை.

"இல்ல தம்பி. வந்ததப் பாக்காம நின்னவ, போனதயும் பாக்காமத்தான நின்னிருப்பேன்."

'நான் பாக்கல' என்பதுதான் இத்தனை வருஷமாக அவர் பிடித்துக்கொண்டிருந்த ஒரே கொம்பு. அதை ஒடித்தது ஒரு சந்தோஷமான முடிவு. அன்றைக்கு அந்த ஜெர்மன் அம்மாள் மேல் எனக்கு வந்த வெறுப்பு நியாயமானதல்ல என்று தெரியும். இன்றைக்கும் முழுதாகப் போகவில்லை.

மறுநாள் கடை திறக்கவில்லை. வீரகேரளம்புதூருக்குப் போய்க் கொழுந்தன் வீட்டு முற்றத்தில் நின்று, "செய்ய வேண்டியதச் செய்யுங்க" என்று மட்டும் சொன்னாராம். அவர்கள் இத்தனை நாள் அதற்காகத்தான் சண்டை போட்டார்கள். சொன்னதும் யாருக்கும் கை வரவில்லையாம். திரும்பி வந்தபோது கழுத்தில் கயிறு இல்லை, நெற்றியில் பொட்டு இல்லை. அன்றே கரி மூட்டினார். ஊர்ப் பெண்களுக்கு இனிக் குழப்பமில்லை.

புளியங்குடியில் நாடகம் கேட்டிருந்தார்கள். எலுமிச்சங்காய் மண்டிக்காரர்கள் செலவை ஏற்றுக்கொண்டார்கள். இந்தத் தடவை புருஷன் வரலாம் என்று அக்காவே சொல்லிவிட்டார். மங்களம் மட்டும் கூடாது. பேசாமல் நிற்க ஓர் ஆளும், போட்டுக்கொள்ள ஒரு கோட்டும் வேண்டும். அண்ணாச்சி தன் மில் கணக்கப்பிள்ளையின் கோட்டைக் கொண்டுவருவதாகச் சொன்னார்.

"வேண்டாம். எங்கிட்ட இருக்கு" என்றார் அக்கா.

நாடகத்தன்று டிரங்குப் பெட்டியைத் திறந்தார். கருநீலக் கம்பளிக் கோட்டு, மடிப்புக் கத்திபோல இருந்தது. எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, அதன் மேல் தண்ணீர் தெளித்தார். பாய் சுருட்டுவதுபோல இறுக்கிச் சுருட்டித் தரையில் போட்டு, மேலே உட்கார்ந்துகொண்டார். இரண்டு காட்சி முடியும்வரை எழுந்திருக்கவில்லை. பாதிரியார் வேஷக்காரர் தன் அங்கியில் ஒரு சுருக்கம் இருப்பதாகச் சொன்னபோது, "இன்னைக்கு அப்படியே போம்" என்றார். மூன்றாவது காட்சியில் எழுந்து, கோட்டை உதறி, பின்கொல்லைக்குப் போய்ச் சேற்றில் கைவைத்து அதன் ஓரங்களில் தடவி, நிற்க வேண்டியவனுக்குத் தன் கையாலேயே போட்டுவிட்டார். பிறகு தட்டிக்குப் பின்னால் நிற்காமல், சுற்றிக்கொண்டு முன்பக்கம் போய், பெண்கள் பகுதியில் முதல் வரிசையில் உட்கார்ந்தார். அவர் நாடகத்தை முன்னாலிருந்து பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

நான் தட்டை வைத்தேன். விளக்கைத் தூண்டினேன். எழுந்து, ஜனத்துக்கு முதுகு காட்டி வாசலைப் பார்த்து, "வா" என்றேன். அந்தக் கோட்டு வந்து நின்றது. என் முதுகுக்குப் பின்னால் கொட்டகை முழுவதும் ஒரு மூச்சு விட்டது.

அந்த நேரத்தில் அக்கா என்ன செய்தார் என்று பின்னால் ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். அழுதார் என்றார் அண்ணாச்சி. சிரித்தார் என்றார்கள் பக்கத்தில் இருந்த பெண்கள். எழுந்து நின்றுவிட்டார் என்று ஒருவர், இல்லை, கண்ணை மூடிக்கொண்டார் என்று இன்னொருவர்.

நான் பார்க்கவில்லை.